பலகைக்குப் பின்னால்



நம் குருமனையின் பின்னறையை நீங்கள் அறிவீர்கள். பிரதான சுவரில் சாய்த்து இறக்கிய ஒருசரிவுக் கூரை. நெளி தகரமும் அதைத் தாங்கும் கைமரங்களுமன்றி மேலே வேறொன்றும் இருந்ததில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள நம் உதகையில், தை மாதத்து உறைபனி இரவில் வெறுந்தகரம் எப்படிக் குளிரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வயதான தாயார் எங்களோடு தங்க வந்தபோது, அவர்களுக்குக் கொடுக்க இருந்த அறை அது ஒன்றுதான்.

உங்கள் காணிக்கையிலிருந்து கமிட்டி பணம் ஒதுக்கியது. வேலையை நானே முன்நின்று நடத்தினேன். கைமரங்களுக்கிடையே கண்ணாடிப் பஞ்சைத் தகரத்தோடு ஒட்ட அமுக்கித் திணித்து, அடியில் பைன் பலகை அறைந்து வார்னிஷ் பூசினோம். வேலை செய்த ஆசாரி நம் சபையின் மூத்தவர்களில் ஒருவர். "ஐயா, தகரத்துக்குக் கீழே காற்று ஓட 2 அங்குலம் விடவேண்டும். பஞ்சுக்கு அறைப்பக்கமாகப் பாலித்தீன் தாளும் வேண்டும்" என்றார். கூரை தலையில் இடிக்கும் என்றும், தாள் வீண்செலவு என்றும் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். அவர் மறுவார்த்தை பேசவில்லை. அறையைப் பார்த்தவர்களெல்லாம் பாராட்டினீர்கள்; எனக்கும் அது இனித்தது.

மார்கழிக் கடைசியில் பலகை இடுக்குகளில் நீர் கசிந்தது. மழையில்லாத நாட்கள். ஆணித்துளை ஒழுகுகிறது என்றெண்ணி மேலே ஏறித் தார் பூசினேன். கசிவு நிற்கவில்லை. ஒரு பலகையைப் பெயர்த்தபோது பஞ்சு ஈரத்துணிபோல் தொங்கியது. பலகையின் மறுபுறம் முழுவதும் கரும்பூஞ்சை.

நீர் வெளியிலிருந்து வரவேயில்லை. எங்கள் மூச்சும், கொதிக்கும் வெந்நீரும், காயவைத்த துணியும் தந்த ஆவிதான் அது. வெதுவெதுப்பான காற்றோடு இடுக்குகள் வழியே ஏறிப் பஞ்சைக் கடந்து, குளிர்ந்த தகரத்தைத் தொட்டு நீராகியது. உலர்த்திச் செல்லக் காற்றுக்கு வழியில்லை. பஞ்சின் இழைகளுக்குள் அசையாது நிற்கும் காற்றே குளிரைத் தடுப்பது. அமுக்கினாலும் நனைந்தாலும் அந்தப் பயன் குன்றிவிடும்.

இனி எழுதுவது எனக்கு எளிதல்ல. அந்தப் பலகையை மறுபடியும் அதே இடத்தில் அறைந்துவிட்டேன். தாயாரை முன்னறைக்கு மாற்றி, காரணம் கேட்டவர்களிடம் வெளிச்சம் வேண்டும் என்றேன். இரண்டு வாரங்கள் அப்படியே சென்றன. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் சுவரில் தோஷம் கண்ட வீட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆசாரியன் வந்து பார்ப்பதும் கல்லைப் பெயர்ப்பதுமே என் நினைவில் நின்றிருந்தன. அதற்கு முன்பாக, வீட்டுக்காரனே போய் அறிவிக்கவேண்டும் என்றிருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. அங்கே ஆசாரியன் வேறு, வீட்டுக்காரன் வேறு. இங்கே இருவரும் நானே.

கமிட்டியில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரவேலை ஆசாரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்மா இப்போது எங்கே படுக்கிறார்கள், ஐயா?"

மறு திங்களன்று அவர் தொடங்கினார். பூஞ்சை பிடித்த பலகைகளையும் நனைந்த பஞ்சையும் அப்புறப்படுத்தி, கைமரங்களை ஒரு வாரம் உலரவிட்டார். கைமரங்களின் அடியில் சட்டம் கூட்டி, தகரத்துக்கும் புதுப்பஞ்சுக்கும் நடுவே 2 அங்குல வெளி விட்டு, சரிவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் காற்றுக்குத் திறப்பு வைத்து, எலி புகாதபடி கம்பிவலை அடித்தார். பஞ்சை அமுக்காமல் பொருத்தினார். அறைப்பக்கம் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டினார். விளக்குக் கம்பி இறங்கும் துளையைக்கூட விடவில்லை. அதன்பின்னரே பலகை. இம்முறை பொருட்செலவு என் சம்பளத்திலிருந்து; கூலி வாங்க அவர் இசையவில்லை.

கூரை சற்றுத் தாழ்ந்துதான் இருக்கிறது. கட்டிலிலிருந்து எழும்போது நான் குனிகிறேன். தாயாருக்கு அந்தத் தேவையில்லை. சன்னலோரப் பலகையை மட்டும் ஆணியடிக்காமல் திருகாணியில் நிறுத்தச் சொன்னேன். திருப்புளி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. குருமனைக்கு வரும்போது யார் வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம்.