வேலி நின்றால் தேவாங்கு நிற்கும்

ஜேடர்பாளையத்தில் காவிரியைப் பார்த்துவிட்டு, பரமத்திவேலூர், கரூர் வழியாகத் தெற்கே போனால், வாழையும் கரும்பும் மறைந்து முள்காடு தொடங்குகிறது. குன்றுகள் சூழ்ந்த கடவூரை எட்டியபோது இருட்டிவிட்டது. அதுவும் நல்லதுதான், தேவாங்கு இரவில்தான் நடமாடும்.

கடவூரையொட்டி, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் இது. ஆனால் எங்களுடன் வந்த விவசாயி காட்டுக்குள் போகாமல் தன் தோட்டத்து வேலியோரமாகவே நடந்தார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. "வெள்ளை வெளிச்சம் அதுக்குக் கண்ணு கூசும் தம்பி" என்றார்.

கிளுவை வேலிக்கு நடுவே நின்ற வேலமரத்தில் இரண்டு பொட்டுகள் மின்னின. கால் கிலோ தேறுமோ தேறாதோ என்கிற உடம்பு, குச்சிக் கைகால்கள், வால் கிடையாது. அடிமேல் அடிவைத்து நகர்ந்தது, சட்டென்று ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து மென்றது. "பார்த்தாலே ஆகாதுன்னு கல்லெறிஞ்ச காலம் உண்டுங்க. பூச்சியைத் தின்னு நமக்கு ஒத்தாசை பண்ணுதுன்னு இப்பத்தான் புரியுது."

தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை உரசினால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். இல்லையென்றால் தரையில் இறங்கி நாயிடமோ வண்டியிடமோ சிக்கும். கொஞ்ச தூரத்தில் கிளுவை முடிந்து, கல்தூணும் முள்கம்பியுமாக ஒரு வேலி தொடங்கியது. "நிலம் கைமாறுச்சு. மொதல்ல போனது வேலிதான்" என்றார்.

கிளைவழியே மரத்துக்கு மரம் போகும், இந்தியாவின் வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பனுக்கும் இதே நிலைதான். அசாமின் பரேகுரி கிராமத்தில் அவை வீட்டுத் தோட்ட மரங்களில் வாழ்கின்றன. ஊரார் மரங்களை விட்டுவைத்ததால்தான் அங்கே பிழைத்திருக்கின்றன. அதே மாநிலத்தில் ஹொல்லோங்காபார் சரணாலயத்தின் ஊடே ரயில்பாதை போகிறது. மேலே கிளைகள் சேராததால், கிப்பன்களால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எளிதில் போக முடிவதில்லை.

தேவாங்கைக் கொல்வதைச் சட்டம் தடுக்கும். பட்டா நிலத்து வேலியைப் பிடுங்குவதை யார் தடுப்பது? கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும், செலவும் சொற்பம். உயிர்வேலியை விட்டுவைக்கும் விவசாயிக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுத்தால், சரணாலயம் காட்டெல்லையோடு நின்றுவிடாது.