அப்பாவைக் கண்டா பயம், அப்பாவை நினைச்சா பயம்

நேத்து ராத்திரி பொண்ணு இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தைத் தூக்கிட்டு வந்து நின்னா. கோடிட்ட இடத்தை நிரப்பணுமாம். ஆங்ரிக்குப் பின்னாடி என்ன வரும், பிரவுடுக்குப் பின்னாடி என்ன வரும்... பாத்ததும் எனக்குப் பழைய காயம் ஒண்ணு வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. (சிரிக்காதீங்க மக்களே!)

2008 நவம்பர். பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையைக் கடக்குது, டெல்டா முழுக்க மழை கொட்டித் தீர்க்குது. மாயவரத்துக்குப் பக்கத்துல எங்க கிராமத்து வீட்டுல அப்பா மட்டும் தனியா. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. சம்பாப் பயிர் மூழ்கிடுச்சுன்னு சொன்னதோட சரி, அப்புறம் போனே கிடைக்கலை. அவசர அவசரமா மேனேஜருக்கு லீவு கேட்டு மெயில் தட்டினேன்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் மை ஃபாதர்."

அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டார். வடநாட்டுக்காரர், நல்ல மனுஷன். கதவைச் சாத்திட்டு, தண்ணி குடுத்துட்டு, மெதுவா கேட்டார்: "உங்க அப்பா அடிப்பாரா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. "சின்ன வயசுல அடிச்சிருக்கார் சார்"னு உண்மையைச் சொல்லிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே! "அப்புறம் ஏன் அங்கே போறேங்கிறே?"

வெள்ளம், புயல்னு விளக்கினப்புறம்தான் குட்டு உடைஞ்சுது. அஃப்ரெய்ட் ஆஃப்னா அவரைக் கண்டு பயம். அவருக்கு என்ன ஆச்சோங்கிற பயத்துக்கு அஃப்ரெய்ட் ஃபார்.

தமிழ்ல 'கண்டா', 'நினைச்சா'ன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அந்த வேலை மொத்தமும் துக்கடா சொல்லு ஒண்ணு தலையில. கோபத்தை நாம ஆள் 'மேல' வைக்கிறோமா, அதனால ஆங்ரி ஆன் மீன்னு எழுதிடுறோம். அங்க ஆளுன்னா வித் (அட்டும் ஓடும்), விஷயம்னா அபௌட். டயர்டு இன்னும் மோசம். நாள் பூரா நடவு நட்டு உடம்பு அசந்தா டயர்ட் ஃப்ரம். ஜூன் 12 மேட்டூரைத் தொறப்பாங்களான்னு வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனா டயர்ட் ஆஃப். எங்க ஊர்க்காரங்களுக்கு ரெண்டுமே உண்டு.

எங்க ஊர்ல முன்சீஃபா இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-ல வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவல்லயே, கோர்ட்டுல தமிழ்தான் வேணும்னு எழுதி வச்சார். அன்னிக்கு அந்த ரூம்ல உக்காந்திருந்தப்போதான் அவரோட அருமை புரிஞ்சுது.

லீவு கிடைச்சுது. பஸ் பாதியில நின்னு, மீதி தூரம் முழங்கால் தண்ணியில நடந்தேன். அப்பா திண்ணையில கால் மடக்கி உக்காந்திருந்தார். "சேந்து ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள லீவு போட்டுட்டு எதுக்குடா ஓடியாந்தே?"ன்னு ஒரே திட்டு. மறுநாள் காலையில பக்கத்து வீட்டுல, "புள்ள தண்ணியில நடந்தே வந்துட்டான்"னு மூணு தடவை சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு.

"பிரவுடுக்கு என்னப்பா?"ன்னா பொண்ணு.

"ஆஃப்."

எழுதிக்கிட்டா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தாத்தா நெசமாவே அடிப்பாரா?"

கூடத்துல தூங்கிட்டிருக்கார்னு நெனச்ச அப்பா அங்கேருந்தே குரல் குடுத்தார்: "ரெண்டே தடவைதான்!"