தகரப் பெட்டிக் கடிதங்கள்

பெங்களூரின் நீலசந்திராவில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். அவ்வூர்ப் பெயரின் ஈற்றிலுள்ள ‘சந்திரா’ நிலவைக் குறிப்பதன்று. ‘சமுத்திரம்’ என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று வழங்குவது முன்னோர் வழக்கம். சமுத்திரம் என முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகத்திலும் பல உண்டு.

இப்பகுதியில் தமிழ்க் குரல் கேட்பது வியப்பன்று. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் படைக்குடியிருப்பை அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படையினரோடு கொத்தர்களும் வணிகர்களும் சுமைதூக்குவோரும் வந்து குடியேறினர். பின்னர் 1940இல் விமானத் தொழிற்சாலையும் 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும் தோன்ற, வேலை தேடி வந்தோர் தொகை பெருகியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர்.

அவர்களுள் ஒருவர் நீலசந்திராவின் குறுகிய சந்து ஒன்றில் வாழும் மூதாட்டி. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர். 1971இல் கொத்தனார் ஒருவருக்கு மனைவியாகிப் பெங்களூருக்கு வந்தவர். கணவன் மனைவி இருவருக்குமே எழுத்தறிவு இல்லை. ஊரிலிருந்து அண்ணன் அனுப்பும் நீல நிற இன்லாண்டுக் கடிதங்களைப் பக்கத்து வீட்டு அக்கா படித்துக் காட்டுவார். பதிலும் அவரே எழுதுவார். ஒருநாள் அந்த அக்காவின் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பெயர்ந்தது. தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தோர் வேறு பலர் இருந்தனர். ஆயினும் வீட்டுச் செய்தி தெருவுக்குப் போகக் கூடாது என்பது மூதாட்டியின் கொள்கை. அடுத்து வந்த கடிதத்தைப் பிரித்து, எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்து, ஆடி மாதம் ஊருக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தகரப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மகன் அப்போது கன்னடவழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கன்னடப் பள்ளியில் சேர்த்ததில் பிழையேதும் இல்லை. வாழும் மண்ணின் மொழியை அறியாதவன் அங்கே விருந்தினனாகவே இருந்துவிடுவான். மேலும் கன்னடம் தமிழ்க் குழந்தைக்கு அந்நியமும் அன்று. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. பகரம் இருக்கும் இடத்தில் ஹகரத்தை வைத்துப் பார்த்தால் பாதிச் சொற்கள் உறவினராகிவிடும் என்பதை நீலசந்திராச் சிறுவர்கள் இலக்கண நூல் இன்றியே கண்டுகொள்வார்கள். குறை வேறிடத்தில் இருந்தது. வீட்டில் பேசுகிறானே, அதுவே போதும் என்று பெற்றோர் தமிழ் எழுத்தை அவனுக்குக் கற்பிக்க வழி தேடவில்லை. அவன் தமிழை வாயாலும் செவியாலும் மட்டுமே அறிந்தவனாக வளர்ந்தான்.

ஆடி மாதம் வருவதற்குள் வேறொரு செய்தி வந்தது. தந்தை விட்டுச் சென்ற அரை ஏக்கர் மேட்டு நிலத்தை அண்ணன் விற்றுவிட்டாராம். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று மூதாட்டிக்கு நெஞ்சு எரிந்தது. அதன்பின் வந்த இரண்டு கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை. அண்ணனும் எழுதுவதை நிறுத்திவிட்டார். மகனின் திருமணத்துக்கு வந்த அவர், தாய்மாமனுக்குரிய முறைகளைச் செய்துவிட்டுப் பந்தியில் அமராமலே புறப்பட்டுப் போனார். சில ஆண்டுகளில் மறைந்தும் போனார்.

வீட்டு மொழி இவ்வாறு தலைமுறைதோறும் தேய்வது நீலசந்திராவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் குடியேறிய செருமானியர், இத்தாலியர், யூதர் எனப் பலருடைய குடும்பங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே பாட்டி தன் மொழியில் பேசுவாள். மகன் அதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் விடை கூறுவான். பேரனுக்கோ உணவின் பெயர்களும் சில கொஞ்சு சொற்களுமே எஞ்சும். சில இடங்களில் சட்டமே குறுக்கே நின்றது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல், எட்டாம் வகுப்பைக் கடவாத பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பித்தலைத் தடை செய்தது. இராபர்ட் மேயர் என்னும் ஆசிரியர் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செருமானிய மொழியில் படிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். அவர் பணியவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1923இல் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மொழிப்பெயர்ச்சியை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், இத்திஷ் மொழி பேசிய அமெரிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டில் மொழி கைமாறுவதே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று அவர் வலியுறுத்தினார்.

நீலசந்திராவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நம் அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களிடம் கூறுகிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் நகரில் இருந்தன. 1950இல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச்சங்கம் அல்சூர் ஏரிக்கு அருகில்தான் இருக்கிறது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் ஒன்றே தடையாக இருந்தது. சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். இதை எதிர்த்து எங்கே வழக்காடுவது?

மூதாட்டியின் பேத்தி மத்தியப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி. இரண்டாண்டுகளாக விருப்பமொழியாகத் தமிழ் பயில்கிறாள். கடந்த கோடை விடுமுறையில் தகரப் பெட்டியைத் தூசி தட்டியபோது அம்மூன்று கடிதங்களும் அவள் கைக்கு வந்தன.

“ஆயா, இதைப் படிக்கட்டுமா?”

“பழைய குப்பை. அதில் என்ன இருக்கப் போகிறது?” என்றார் மூதாட்டி. வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் வரியிலேயே பேத்தி திணறினாள். பாடநூலில் காணாத வடிவங்கள் அதில் இருந்தன. ‘லை’ என்னும் எழுத்து துதிக்கையைத் தூக்கிய யானைபோல வளைந்திருந்தது. எதிர்வீட்டுத் தையற்காரத் தாத்தாவிடம் கடிதத்தைக் காட்டாமல், அவ்வெழுத்தை மட்டும் தாளில் வரைந்து காட்டிக் கேட்டாள். ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தைத் தமிழக அரசு 1978இல் எளிமையாக்கியது. 1982இல் எழுதிய அண்ணனின் கை அம்மாற்றத்தை ஏற்கவில்லை போலும்.

இரண்டு நாள் ஆயிற்று. எழுத்துக் கூட்டிக் கூட்டி அவள் படித்தாள். ‘அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது’ என்று தொடங்கிய முதற்கடிதம் மழையையும் மாட்டையும் கடந்து நிலத்துக்கு வந்தது. மூத்த மகளின் திருமணச் செலவுக்கு வேறு வழியில்லை. மேட்டு நிலத்தை விற்க வேண்டியிருக்கிறது. உன் சம்மதம் வந்தபிறகே பத்திரம் எழுதுவேன். உடனே பதில் போடவும். இரண்டாம் கடிதத்தில், ஏன் பதில் இல்லை, கோபமா என்று இருந்தது. மூன்றாவது நான்கே வரி. நிலத்தை விற்றாகிவிட்டது, உனக்குரிய பணத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், நீ கேட்கும்போது தருகிறேன்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சம்மதம் என்று எழுதியிருக்கிற இடத்தைக் காட்டு” என்றார். பேத்தி காட்டினாள். அவர் அச்சொல்லின்மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒருமுறை நகர்த்தினார்.

மாலையில் பேத்தியை அழைத்து, அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். தொலைபேசியில் பேசலாமே என்று மகன் கூறினார். “அவர் எழுதித்தானே கேட்டார்?” என்றார் மூதாட்டி. பேத்தி தாளை எடுத்து, அண்ணி என்பதற்கு மூன்று சுழி ணகரமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தொடங்கினாள்.

பாதி எழுதியபோதுதான் மூதாட்டிக்கு ஓர் ஐயம் எழுந்தது. அண்ணிக்கும் படிக்கத் தெரியாது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழை வேகமாகப் படிக்க வராது என்று அண்ணியே ஒருமுறை குறைப்பட்டிருக்கிறார்.

பேத்தி எழுதிய தாளை ஒருமுறை பார்த்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிய தாளில் எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக, இடைவெளி விட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.