ரசீதில் ஒரு வரி

அப்பாவின் ரசீதுகள் எல்லாம் ஒரு கம்பியில் குத்தியிருக்கும். அடியில் மரக்கட்டை, மேலே கொக்கியாக வளைந்த முனை. லாங் பஜாரில் எந்த மண்டிக்குள் நுழைந்தாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியொரு கம்பி நிற்கும். அப்பா அங்கே ஒரு மளிகை மண்டியில் முப்பது வருடத்துக்கும் மேல் கணக்கெழுதினார். கடை வழக்கத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். கரண்ட் பில், தண்ணி வரி, வீட்டு வரி எல்லாம் அந்தக் கம்பியில்தான் ஏறும். அவர் காலமான பிறகு வந்த முதல் ஆடியில் நான் அமெரிக்காவிலிருந்து வேலூர் வந்திருந்தேன். அம்மாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினோம்.

அடியில் நகராட்சி ரசீதுகள். 2008-க்குப் பிறகு மாநகராட்சி ரசீதுகள். தாள் மாறியிருந்தது, தொகை கூடியிருந்தது. எல்லாவற்றிலும் சொத்து வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் இனம் மட்டும் மாறாமல் இருந்தது: நூலக வரி. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்குத்தான் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். புத்தகத்துக்காக ஓர் ஊரே வரி கட்டுவது அமெரிக்காவில் நான் கண்ட பெரிய அதிசயம் என்று பதினான்கு வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

நாங்கள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மொனாட்நாக் மலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம் பேச ஆளில்லாமல் கழிந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. வாசலில் முழங்கால் அளவு பனி. குழந்தையோடு போய் உட்கார இதமான சூடும், காசு கேட்காத கதவும் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் அந்த ஊரில் இருந்தது. அது ஊர் நூலகம்.

வாரத்தில் ஒரு காலை கதை நேரம். நூலகர் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, படம் பிள்ளைகள் பக்கம் தெரிய புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். பிள்ளைகள் தரைவிரிப்பில் உருளும். ஒருவரும் அதட்டுவதில்லை. அங்கே வாசித்த வரிகளை வீட்டுக்கு வந்து நானும் சொல்லிப் பார்ப்பேன். என் ஆங்கிலமும் மகளின் ஆங்கிலமும் அந்த ஒரே விரிப்பில்தான் வளர்ந்தன.

பள்ளியில் சேர்வதற்குள் ஒரு குழந்தைக்கு ஆயிரம் புத்தகங்களை வாசித்துக் காட்டும் திட்டம் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் உண்டு. எங்கள் நூலகத்திலும் அதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு புத்தகம் முடிந்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். ‘தமிழில் வாசித்தால் கணக்கில் சேருமா?’ என்று தயங்கிக் கேட்டேன். ‘குழந்தைக்குப் புரிகிற எந்த மொழியும் சேரும்’ என்றார் நூலகர். அந்த வருடம் ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு உறவினர் பெட்டியிலும் சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள் நாலைந்து இருந்தன. பிறகு ஒருநாள் கதை நேரத்தில் என்னையே குட்டை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று வாசித்தேன். விரிப்பில் இருந்த பிள்ளைகள் ‘யானை, யானை’ என்று எனக்குப் பின்னால் கத்தியபோது, அந்த ஊரில் எனக்கு வேர் பிடித்துவிட்டது.

பெரியவர்களுக்கு மாதம் ஒரு மாலை. ஊர்க்காரர்கள் கூடி ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். என் முறை வந்தபோது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொன்னேன். அநிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த அந்த நூல் 2018-இல் அமெரிக்காவிலும் வெளியாகியிருந்தது. எங்கள் நூலகத்தில் ஒரு பிரதிகூட இல்லை. இரண்டு வாரத்தில் பக்கத்து ஊர் நூலகங்களிலிருந்து எட்டுப் பிரதிகள் இரவலாக வந்து சேர்ந்தன. கதையில் வரும் திருச்செங்கோட்டுத் தேர் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள், வரைந்து காட்டினேன். மாடு வளர்க்கும் கிழவர் ஒருவர், ‘பிள்ளை இல்லாத வீட்டில் ஊரே நுழைந்து பேசும். எங்கள் அத்தைக்கும் அதுதான் நடந்தது’ என்றார். கொங்கு நாட்டுக் கதை பனிக்காட்டுக் கிழவரின் அத்தையிடம் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

சில மாலைகளில் எழுத்தாளரே வருவார். ஒரு பிப்ரவரியில் கடும் பனி பெய்தது. இருபது நாற்காலி போட்டிருந்தார்கள், பதினோரு பேர்தான் வந்தோம். எழுத்தாளர் எழுபது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, முன்வரிசை என்ற ஒன்றும் கிடையாது. எங்களைப் போலவே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்தார். ஒன்றரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ‘அந்தப் பெண் கடைசிவரை வீடு திரும்பவில்லையே, ஏன்?’ என்று கேட்டார். எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘எழுதும்போது எனக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது’ என்றார். எழுதியவரும் படித்தவரும் சமமாக உட்கார்ந்து ஒரு பெண்ணுக்காகக் கவலைப்பட்ட அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

இதெல்லாம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டபோது பீட்டர்பரோவுக்குப் போய்வரச் சொன்னார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர். கான்டூகுக் ஆற்றங்கரையில் ஆறாயிரம் சொச்சம் பேர் வாழும் இடம். 1833 ஏப்ரல் 9 அன்று அந்த ஊர்க்கூட்டத்தில், ஏபியல் அபட் என்ற பாதிரியாரின் முயற்சியால் ஒரு முடிவு எடுத்தார்கள். வங்கிகளின் மூலதனத்தின் மீது மாநிலம் விதித்த வரியில் ஊர்களின் கல்விக்கென்று பங்கு வரும். அந்தப் பங்கில் ஒரு பகுதியை, எல்லோரும் இலவசமாகப் படிக்கப் புத்தகம் வாங்க ஒதுக்கினார்கள். பொதுவரியில் நடந்த முதல் இலவசப் பொது நூலகம் என்று பீட்டர்பரோவைச் சொல்கிறார்கள். 1849-இல் நியூ ஹாம்ப்ஷயர் தனிச் சட்டமே போட்டு, நூலகத்துக்காக வரி வசூலிக்க எல்லா ஊர்களுக்கும் அதிகாரம் தந்தது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. முதலில் அந்தப் புத்தகங்களை வைக்கத் தனிக் கட்டடம் இல்லை. ஊரின் பலசரக்குக் கடையில்தான் வைத்தார்கள். தபால் நிலையமும் அதே கடையில். போஸ்ட்மாஸ்டரே நூலகர். சர்க்கரை வாங்க வந்தவர், கடிதம் கேட்க வந்தவர், இருவர் கைக்கும் புத்தகம் எட்டியது. இதைக் கேட்டதும் என் மனம் நேரே லாங் பஜாருக்குப் போய்விட்டது. மூட்டைகளின் மேல் காலை மடித்து உட்கார்ந்து, அப்பா மத்தியான வேளையில் பேரேட்டை மூடி வைத்துவிட்டு நூலகப் புத்தகத்தைத் திறக்கும் காட்சி வந்தது. பக்கத்துக் கடைப் பையன்கள் ‘சார், அப்புறம் இன்னாச்சு?’ என்று கேட்பார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிப்பார்.

அப்பா எனக்கும் சேர்த்துத்தான் புத்தகம் எடுத்துவருவார். நான் நூலகத்துக்குள் உட்கார்ந்து படித்ததே இல்லை. நீள மேசை முழுக்க ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். பாவாடை சட்டையில் ஒரு பெண்பிள்ளைக்கு அங்கே உட்கார இடம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. வா என்று சொல்ல ஒருவர் இல்லாததே போதுமானதாக இருந்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, நம் நூலகங்களுக்காகப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி அமெரிக்காவில்தான் நான் விரிவாகப் படித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தம் உண்டு. கணித ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். கூலித் தொழிலாளியும் சிறுபிள்ளையும் உரிமையோடு நுழைந்து புத்தகம் எடுத்துப் போவதை அங்கே பார்த்தார். பார்த்ததை வியந்து பேசுவதோடு அவர் நிற்கவில்லை. திரும்பி வந்து 1928-இல் சென்னை நூலகச் சங்கம் அமையக் காரணமானார். புத்தகம் புழங்குவதற்கே என்ற எண்ணத்திலிருந்து தொடங்கும் தம் ஐந்து நூலக விதிகளை 1931-இல் நூலாக்கினார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் புத்தகம் ஏற்றிய மாட்டுவண்டி கிராமம் கிராமமாகப் போனது. அவருடைய விடாமுயற்சியில் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. அன்று கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அப்பாவின் ரசீதில் இருந்த அந்த இனம் அங்கிருந்து வந்ததுதான். இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. லாங் பஜாரின் ஒவ்வொரு கடையும், தோட்டப்பாளையத்தின் ஒவ்வொரு வீடும், ஆம்பூரின் ஒவ்வொரு ஷூ கம்பெனியும் கட்டுகிற காசு அது.

ஆகவே நம் நூலகங்கள் எல்லோரையும் உள்ளே அழைக்காததற்குப் பணத்தை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கூடி வாசிப்பதும் நமக்குப் புதிது இல்லை. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கி பாட்டைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே பகுதி கூத்தாக வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கர்ணனின் வழக்கை வாதாடித் தீர்ப்பார்கள். இதைவிடப் பெரிய வாசிப்புத் திட்டத்தை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. எழுத்தாளர்களுக்கும் பஞ்சமில்லை. ‘தகப்பன் கொடி’ எழுதிய அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். ‘நீவா நதி’ எழுதிய கவிப்பித்தனும் இந்த மண்ணின் எழுத்தாளர்தான். நூலகங்களோடு சேர்ந்து இயங்க வாசகர் வட்டம் என்ற அமைப்பே நம்மிடம் இருக்கிறது.

குறைவது அழைப்பும் நேரமும்தான். கடைப் பையனுக்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஷட்டர் இறங்கும். விடியலில் கம்பெனி வேனில் ஏறும் பெண்ணுக்கு ஞாயிறு மாலை ஒன்றுதான் மிச்சம். அந்த நேரத்தில், அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், மேடை இல்லாமல் பத்து நாற்காலி போட்டு ஒருவர் வாசித்தால் போதும். தோல் தொழிலைப் பற்றி எழுதியவர், தோலில் கை காய்த்தவர்களின் நடுவே உட்கார்ந்து அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடையிலேயே ஓர் அலமாரி வைத்தாலும் தவறில்லை. பீட்டர்பரோ அப்படித்தான் தொடங்கியது. சுமை தூக்குகிறவரும் ஷூவுக்குத் தையல் போடுகிறவரும் இந்த நூலகங்களுக்கு விருந்தாளிகள் இல்லை. வாடகையிலும் வாங்குகிற ஒவ்வொரு பொருளின் விலையிலும் அவர்கள் பங்கு கலந்திருக்கிறது. அவர்களும் உடைமைக்காரர்கள். இதை அவர்களிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

யாராவது என்று அன்று நினைத்தபோதே, முதலில் சொல்ல வேண்டியது யாரிடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

‘நாளைக்கு நூலகத்துக்குப் போலாமாம்மா?’ என்றேன்.

அம்மா ரசீதிலிருந்து தலையைத் தூக்கினாள். ‘நானா? நான் இன்னாத்துக்கு அங்க?’

‘நாப்பது வருசமா நீங்க வரி கட்டியிருக்கீங்க. ஒருநாள்கூட நீ உள்ள போய்ப் பாக்கல.’

எட்டாவது வரை படித்தவள் அம்மா. ராணிமுத்து நாவல்களை அடுப்படியிலேயே படித்து முடிப்பாள். மறுநாள் காலை நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவள்போல நின்றாள். நீள மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்காரவில்லை. அலமாரி அலமாரியாக, முதுகெழுத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். மு.வ.வின் ‘அகல் விளக்கு’ கையில் வந்தது. 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல்.

‘இவுரு வாலாஜா பக்கம் வேலத்துக்காரர் இல்ல? உங்கப்பா சொல்வாரு’ என்றாள். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள், ‘இத்த வூட்டுக்கு எடுத்துனு போலாமா?’

நூலகர் உறுப்பினர் படிவத்தை எடுத்து அம்மாவின் பேரை எழுதத் தொடங்கினார். வீடு எங்கே, முகவரிக்கு ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார். நான் கைப்பையைத் திறப்பதற்குள் அம்மா தன் சுருக்குப்பையை அவிழ்த்தாள். நாலாக மடித்து வைத்திருந்த இந்த வருட வீட்டு வரி ரசீதை எடுத்து, மேசைமேல் விரித்து, கையால் நீவி வைத்தாள்.