தெற்குக்குப் போய் வந்தோம்



2024 நத்தார் விடுமுறையில் நானும் எங்க வீட்டுக்காரரும் காரில் தெற்குப் பக்கம் போய் வந்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் இரண்டு கேள்விகள்தான். ஒன்று, "பயமில்லையா டீச்சர்?" மற்றது, "எவ்வளவு செலவு?" செலவைக் கடைசியில் சொல்கிறேன். இந்த நீண்ட பதிவு முதல் கேள்விக்கு.

பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். 2014 ஜூனில் அளுத்கம, தர்கா நகர், பேருவளை. 2017 நவம்பரில் கிந்தோட்டை. 2018 மார்ச்சில் நமக்குப் பக்கத்திலேயே திகன. அடுத்த வருடம் ஏப்ரல் 21. அதற்குப் பிறகு அபாயாவோடு பஸ்ஸில் ஏறும்போது எத்தனை கண்கள் திரும்பின என்பது நம் பெண்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நம் பயணங்கள் எப்படி மாறின என்று யோசித்துப் பாருங்கள். அக்குறணை, மாவனல்லை, புத்தளம், காத்தான்குடி. நம்மவர்கள் இருக்கும் ஊரிலிருந்து நம்மவர்கள் இருக்கும் ஊருக்கு. இடையில் எங்கும் இறங்குவதில்லை. வரைபடத்தில் இலங்கை அதே அளவுதான், நம் மனதில் அது சுருங்கிவிட்டது. புறப்படும்போது உம்மாவும் அதையே சொன்னார்: "எனத்துக்கு இவ்வளவு தூரம்? நுவரெலியாவுக்குப் போய்ட்டு வந்தாப் போதாதா?"

25ஆம் தேதி சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். இறம்பொடையில் மழை, நுவரெலியாவில் பத்தடிக்கு முன்னால் தெரியாத பனி. வெலிமடை, பண்டாரவளை, எல்ல. இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி இறங்க இறங்கக் காது அடைத்தது. வெல்லவாயாவில் ஸ்வெட்டரைக் கழற்றினோம். டிசம்பரில் நமக்கு வாடைக்காற்று மழை. தெற்குக் கடலுக்கோ அது அமைதியான காலம். ஒரே நாளில் இரண்டு பருவம் பார்க்கலாம்.

திஸ்ஸமகாராமவில் முதலில் போன விடுதியில் என்னைப் பார்த்துவிட்டு "அறை இல்லை" என்றார்கள். உண்மையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம், நத்தார் இரவுதானே. ஆனால் இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெறுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. அடுத்த விடுதியில் ஒரு சிங்கள அம்மா அறையைத் திறந்துவிட்டு, எருமைத் தயிரும் பாணியும் வைத்துவிட்டு, "காலையில் எத்தனை மணிக்குத் தொழ எழும்புவீர்கள், லைட்டைப் போட்டு வைக்கவா?" என்று கேட்டார். இரண்டும் ஒரே இரவில், ஒரே தெருவில் நடந்தவை. ஒன்றை மட்டும் சொன்னால் அது முழுக்கதை ஆகாது.

மறுநாள் 26. சுனாமி வந்து 20 வருடம். அம்பாந்தோட்டைக்குக் காலையிலேயே போய்விட்டோம். 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. கடலுக்கும் உப்பேரிக்கும் நடுவில் சந்தை கூடியிருந்த நேரம் அலை வந்தது. நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லோரும் அசையாமல் நின்றோம். தொப்பி போட்டவர், வெள்ளைச் சேலை கட்டியவர், சிலுவை போட்டவர் என்று எல்லோரும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான மலாய்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் தங்கச்சியின் மையித்தே கிடைக்கவில்லை என்றார். "எந்தக் குழியில் இருக்கிறாளோ மகள். அன்றைக்கு அடக்கும்போது யார் எந்த மார்க்கம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இருக்கவில்லை."

அம்பாந்தோட்டை மலாய் மக்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்தவர்களின் வழி வந்தவர்கள். வீட்டில் மலாய், கடையில் சிங்களம், நம்மோடு தமிழ். 'சம்பான்' என்ற அவர்களுடைய படகின் பெயரிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைக் கண்டதில்லை. அவர்களுக்காக அங்கே ஒரு கடையில் கல்லுப்பு ஒரு பை வாங்கினேன்.

அங்கிருந்து தங்காலை வழியாகத் தெவிநுவர. தேவேந்திரமுனை என்று நம் பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். 1890இல் கட்டிய வெளிச்சவீடு, நாட்டிலேயே உயரமானது, 49 மீற்றர். அதற்குத் தெற்கே வெறும் கடல்தான். இங்கே 1344இல் இப்னு பதூதா வந்தார். நம் மலையிலிருந்துதான் வந்தார் என்று சொல்லலாம். பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு இறங்கி இந்தப் பட்டினத்துக்கு வந்தார். அப்போது இங்கே பெரிய கோயில் ஒன்று இருந்ததையும் வணிகர்கள் நிறைந்திருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து காலிக்குப் போனபோது இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் விருந்து கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். 680 வருடத்துக்கு முன் காலியில் ஒரு முஸ்லிம் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று யாராவது நம் பிள்ளைகளைக் கேட்டால் கோபப்படாமல் சொல்ல இந்த ஒரு தகவல் போதும்.

அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது.

இன்னொரு சாட்சி ஒரு கல். 1911இல் காலியில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு பொறித்தது. அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெவிநுவரத் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால். மூவருக்கும் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் ஏறக்குறைய சமம். செங் ஹே பிறப்பால் ஒரு முஸ்லிம். தெற்கில் நிறுத்திய கல்லில் தமிழ் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். அன்றைய துறைமுகத்தில் வியாபாரம் நடந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பதில் அவ்வளவு எளிது.

வெலிகமயில் இரவு தங்கினோம். கடலோரம் முழுக்க அலைப்பலகையோடு வெள்ளைக்காரர்கள். சில தெரு உள்ளே போனால் அறபு மத்ரஸாவும், பாங்கும், தமிழ் பேசும் வீடுகளும்.

27 வெள்ளி. ஜும்ஆவுக்குக் காலிக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்து, 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை. 1988இலிருந்து உலக மரபுரிமை. பழைய வாயிலின் உட்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன. சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தபோது உள்ளே இருந்தவர்களை இந்த மதில்தான் காப்பாற்றியது.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி. தூரத்திலிருந்து பார்த்தால் சேர்ச் என்றுதான் நினைப்பீர்கள். இவர் உள்ளே போக, நான் மதில் நிழலில் உட்கார்ந்து குத்பா சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ்பழக்காரர், ஒரு சிங்களவர், பாங்கு தொடங்கியதும் மணியடிப்பதை நிறுத்தினார். முடிந்ததும் திரும்ப அடித்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

28ஆம் தேதி திரும்பும்போது அதிவேக வீதியை விட்டு, வேண்டுமென்றே பழைய காலி வீதியால் வந்தோம். பெரலியவில் ரயிலோடு போனவர்களின் நினைவிடத்தில் இறங்கினோம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலில். அளுத்கமயைக் கடக்கும்போது என் கை தானாகவே கார் கண்ணாடியை ஏற்றியது. இவர் எதுவும் சொல்லாமல் ஒரு கடை ஓரமாக நிறுத்தினார். பிளேன் டீ குடித்தோம். கடைக்காரர் எங்கிருந்து என்று கேட்டார். இறம்பொடை என்றதும், பாடசாலைச் சுற்றுலாவில் நம் நீர்வீழ்ச்சிக்கு வந்து அட்டை கடித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். 2014ஐப் பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பேசாததால் அது மறைந்துவிடவில்லை. ஆனால் தேத்தண்ணி குடித்தபோது கை நடுங்கவில்லை. பேருவளை கெச்சிமலைப் பள்ளியில் கடலைப் பார்த்தபடி அஸர் தொழுதுவிட்டு வீடு வந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. எரிந்த கடைகளுக்கும் போன உயிர்களுக்கும் நீதி கேட்பதை நிறுத்தவும் சொல்லவில்லை. ஆனால் பயந்து நாம் போகாமல் இருக்கும் ஒவ்வொரு ஊரும் நம் பிள்ளைகளின் கையிலிருந்து போய்விடும். அந்த ஊர்க்காரர்களும் நம்மை டீவியில் மட்டும் பார்ப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இரவு அறைதான் பெரிய செலவு. டிசம்பரில் வெலிகம, காலி கடற்கரை ஓரம் விலை அதிகம், உள்ளே தள்ளி எடுங்கள், முன்கூட்டியே பேசுங்கள். மதியத்துக்குப் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் சோற்றுப் பார்சல் எடுங்கள். ஜம்உ, கஸ்ர் சட்டத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் ஊர்க்காரர் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நம் மலைப் பிள்ளைகளுக்கு நீரோட்டம் தெரியாது.

தவலந்தென்ன, புஸ்ஸல்லாவப் பக்கம் உள்ளவர்கள் அடுத்த விடுமுறையில் ஒரு வேன் சேர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள். வழியும் கதையும் நான் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.