மும்முறை புதுப்பேட்டை

வயதான அன்னையாரை ஞாயிறன்று பரங்கிமலை மாதா ஆலயத்திற்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தோம். நமது பழைய அம்பாசிடரின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவதைச் சனிக்கிழமை காலையில்தான் கண்டோம். ரப்பர் கப்பை மாற்றினால் போதுமென்று, சாந்தோமிலிருந்து புதுப்பேட்டைக்கு விரைந்தோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்குப் பாகம் தேடுவோரின் புகலிடம் அது.

திரும்பிவந்து வீல் சிலிண்டரைப் பிரித்தால், உட்சுவர் துருவேறிக் குழிவிழுந்திருந்தது. புது ரப்பரிருந்தும் கசிவு நிற்காது. மீண்டும் பயணம். புது சிலிண்டரைப் பொருத்த முனைந்தபோது, கடற்காற்றில் இறுகிப்போன நட்டுடன் பிரேக் குழாயும் முறுகி உடைந்தது. மூன்றாம் முறை சென்றபோது கடைகள் அடைத்திருந்தன.

குழாயை அடைத்துவிட்டு, மற்ற மூன்று சக்கரங்களின் பிரேக்கை நம்பிப் போய்வரலாமா என்றுகூட எண்ணினோம். வாக்குத் தவறும் வெட்கம் அவ்வாறு எண்ணச் செய்தது. அன்னையாரோ, "ஏறுவது இருக்கட்டுமப்பா, இறங்கும்போது வண்டி நிற்க வேண்டாமா?" என்றார். மறுநாள் அவரது கைபிடித்து நடந்து, சாந்தோம் பேராலயத்திலேயே திருப்பலி கண்டோம்.

திங்களன்று அனைத்தையும் பிரித்துப் பார்த்து, பட்டியல் எழுதி, உடைந்த குழாயையும் மாதிரிக்கு எடுத்துச் சென்றோம். ஒரே நடையில் வேலை முடிந்தது.

கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கண்ணில் பட்ட குறையோடு நின்றுவிடாமல் உள்ளே முழுவதும் ஆராய்வதன்றோ ஆத்தும சோதனை? அதனைச் சக்கரத்தடியில் அமர்ந்தே கற்றோம்.