போலீசுக்கு நாமும் துணை... ஆனால் எதுவரை?

பத்துப் பேர் இருக்கும் வீட்டில் அடுப்படிக்கு ஒருத்திதான் என்றால் என்ன ஆகும்? குழம்பைக் கவனித்தால் சாதம் குழைந்துவிடும். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன்களின் பாடும் ஏறக்குறைய இதுதான். 2020-ம் ஆண்டுத் தொடக்கக் கணக்குப்படி, நம் நாட்டில் ஒரு லட்சம் ஜனங்களுக்குச் சுமார் 195 போலீசாருக்கு அனுமதி இருந்தது. வேலையில் இருந்தவர்களோ 156 பேர்தான்.

எங்கள் ஆம்பூரையே எடுத்துக் கொள்ளுங்கள். விடிந்தால் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கும் பெண்கள், தோல் ஏற்றிய லாரிகள், பெங்களூர் நெடுஞ்சாலையைத் தாண்டும் பள்ளிப் பிள்ளைகள்! பக்கத்துக் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம், அப்படி ஒரு கூட்டம். எங்கள் தெருவில் ஒரு போலீஸ்காரரின் மனைவி சொல்வாள்: "அக்கா, அவரு எப்ப வருவாருன்னு கேக்கறதையே வுட்டுட்டேன்." காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற உத்தரவே 2021-ல்தான் வந்தது என்றால் பாருங்களேன்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவதுதான் ஊர்க்காவல் படை. தமிழ்நாட்டில் இதற்கென்று 1963-ல் சட்டமே போட்டார்கள். நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான் இதில் சேருகிறார்கள். கவாத்துப் பயிற்சி உண்டு, காக்கி உடுப்பு உண்டு. மாதச் சம்பளம் கிடையாது. டூட்டிக்குப் போகிற நாளுக்கு ஒரு படி, அவ்வளவுதான். திருவிழா, தேர்தல், போக்குவரத்து என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். பெண்களும் இருக்கிறார்கள்.

என் நாத்தனார் மகள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவள், இதில் சேர ஆசைப்பட்டாள். "பொம்பளைக்கு எதுக்குடி இந்த லத்தியும் தொப்பியும்?" என்று அவள் மாமியார் ஒரே பிடிவாதம். "நீங்க சொல்லுங்க அத்தை" என்று என்னிடம் வந்து நின்றாள்.

பெண் என்பதற்காகத் தடுக்க எனக்கு மனமில்லை. 1973-ல் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என்று தொடங்கியதுதான் நம் தமிழகப் பெண் போலீஸ். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் நின்றால், அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு உள்ளே போகும் தைரியம் வருகிறது. ஆனாலும் அவளிடம் வேறொரு விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது.

1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப், 'போலீஸ் நண்பர்கள் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார். போலீசும் பொதுஜனமும் பகையாக நிற்காமல் பழகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். பிற்பாடு மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்துபோனார்கள். அப்போது இந்தக் குழுவின் பெயரும் புகாரில் அடிபட்டது. அடுத்த மாதமே அரசு இதற்குத் தடை போட்டது.

எங்கள் ஊரும் இந்த வேதனையை அறியும். 2015 ஜூனில், போலீஸ் விசாரணைக்குப் போய் வந்த ஒரு வாலிபர் ஆஸ்பத்திரியில் இறந்துபோக, ஆம்பூரில் கலவரம் வெடித்தது. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயப்பட்டார்கள். அன்று ராத்திரி நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடிபட்ட காவலரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, இறந்த வாலிபரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

அதனால் அவளிடம் சொன்னேன்: "தாராளமா சேரும்மா. கூட்டத்தை ஒழுங்கு பண்ணு, தொலைஞ்ச குழந்தையைத் தேடிக் குடு, ரோட்டைத் தாண்டிவிடு. ஆனா யாரையாவது விசாரிக்கறாங்க, அடிக்கறாங்கன்னா, 'நானும் போலீஸ்'னு அங்க போய் நிக்காதே. தப்பு நடந்தா மேலதிகாரிகிட்ட சொல்லு." மாமியாரிடமும் பேசினேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் இறங்கி வந்தார்.

ஆட்கள் போதவில்லை என்றால் உதவிக்கு வரலாம், தப்பில்லை. ஆனால் யாருக்குப் பயிற்சி இருக்கிறது, யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் கையில் கம்பைக் கொடுத்தால் உதவியே உபத்திரவமாகிவிடும்.

உடுப்புப் போடாமலும் நாம் துணை நிற்கலாம். 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களைக் காலண்டர் பக்கத்தில் எழுதி மாட்டுங்கள். ஒரு வழக்கில் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டுமே தவிர, பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இதைப் பெண் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை ஒருவேளையாவது எட்டிப் பாருங்கள். தெருவில் கண் திறந்திருந்தால் திருடனுக்குத் துணிச்சல் வராது, சகோதரிகளே.